நிழலில் போட்ட கோடு

தலையை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னால் நாத்தனார் இந்தப் பக்கம்தான் திருப்புவார். முப்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இடது வலது என்று அடுத்தவருக்குச் சொல்லித்தான் பழக்கம், யாரும் அவருக்குச் சொல்லிப் பழக்கமில்லை. "அண்ணி, அந்தச் சுவத்தப் பாருங்க" என்றேன். சுவரைப் பார்த்தார். பார்த்ததோடு விடாமல், "பெயின்ட் உரிஞ்சிருக்கே, இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரில இதைக் கேக்க ஆள் இல்லையா?" என்றார். கழுத்தில் ஜெல்லைத் தடவினேன். குளிர்ச்சியில் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு நொடிக்காகவே ஜெல் பாட்டிலைச் சுடுநீரில் வைக்காமல் விட்டேன் என்று நினைத்தால் அதில் பாதி உண்மை.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கழுத்து ரத்தக் குழாயை ஒலி அலையால் ஸ்கேன் செய்து பார்க்கிற முகாம் அது. ஆளுக்கு ஐந்து நிமிடம். பக்கத்துக்கு மூன்று படம் எடுத்து நிறுத்திவிட்டால், மிச்சத்தைப் புது மென்பொருள் பார்த்துக்கொள்ளும். குழாயின் உள் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடும் வெளி விளிம்பில் ஒரு சிவப்புக் கோடும் தானாகவே ஓடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் சுவரின் தடிமன். மில்லிமீட்டரில் முக்கால் பாகத்துக்குள் இருந்தால் பச்சை டிக். தடித்துப் போயிருந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஆச்சரியக்குறி. நாத்தனார் வந்திருந்தது உடம்பைப் பற்றிய கவலையால் ஒன்றும் இல்லை. பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்கிற படிவத்தில் இப்படி ஒரு சோதனையையும் இந்த வருடம் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் கடைசி நாள்.

வலது பக்கம் சுத்தமாக இருந்தது. இடது பக்கம் குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், மேல் சுவரில் வெள்ளையாக ஒரு கட்டி தெரிந்தது. சுண்ணாம்பு படிந்த இடம். அதற்கு நேர் கீழே ஒலி போகாது, அதனால் படத்தில் கறுப்பாக ஒரு நிழல் விழும். சுவரும் தெரியாது, ரத்தமும் தெரியாது. எங்கள் தொழிலில் இது தினப்படி பார்க்கிற விஷயம். திரையில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினேன். மஞ்சள் கோடு இடது ஓரத்தில் கிளம்பியது, சுவரின் மேடு பள்ளத்தோடு லேசாக நடுங்கிக்கொண்டே வந்தது, நிழலுக்குள் நுழைந்தது, ஒரு நடுக்கமும் இல்லாமல் அடிக்கோல் வைத்தது போல் நேராகப் போனது, வெளியே வருவதற்குச் சற்று முன் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு வந்து, மறுபடி நடுங்கத் தொடங்கியது. பச்சை டிக் விழுந்தது.

 நேராகப் போனதைக்கூட விட்டுவிடலாம். அந்தக் கடைசித் தூக்கலை எனக்குத் தெரியும். என் வீட்டுக் கதவில் என் மகள் உயரம் குறித்த கோடுகளிலும் அது உண்டு. கோட்டை முடிக்கிற இடத்தில் என் மணிக்கட்டு தானாக மேலே ஏறும். அது என் கை.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்ல வேண்டும். இந்த மென்பொருளைச் செய்தவர் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கிற அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர். எதைக் கேட்டாலும் "சராசரியா பாத்தா…" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் ஸ்கேன் அறையில் அவருக்குச் சராசரி என்றே பெயர். சட்டைப்பையில் மூன்று பேனா இருக்கும், ஒன்றும் எழுதாது. யந்திரத்துக்குக் கோடு போடக் கற்றுக்கொடுக்க முதலில் மனிதர்கள் கையால் கோடு போட்ட படங்கள் வேண்டும் என்றார். எங்கள் டாக்டர் அம்மாவும் நானும் ஒத்துக்கொண்டோம். ஒவ்வொரு படத்திலும் சுவரின் மேல் சுட்டியால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். எட்டு மாதத்தில் ஆயிரத்து இருநூற்று அறுபது படம் நான் முடித்தேன். டாக்டர் அம்மா முடித்தது அதில் பாதிகூட இல்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அவர் ஏன் பாதி முடித்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நிழல் விழுந்த படத்தை அவர் ஒதுக்கி வைத்துவிடுவார். நான் ஒதுக்க மாட்டேன். படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோடு முழுசாக இருந்தால்தான் 'சேமி' பொத்தான் உயிர் பெறும், இல்லையென்றால் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். அதனால் தெரியாத இடத்தில் நானாகப் போட்டுவிடுவேன். இந்தப் பக்கம் சுவர் இங்கே இருக்கிறது, அந்தப் பக்கம் அங்கே இருக்கிறது, நடுவில் எங்கே போயிருக்கும், இப்படித்தான் போயிருக்கும். பொத்தான் மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பொத்தான் இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன். நான் வேலை கற்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினால், "உனக்குத் தெரியலையா, இல்ல அங்க இல்லையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். அன்றிலிருந்து அந்த வார்த்தையை நான் எழுதினதே இல்லை. இருபத்து நான்கு வருட சர்வீஸ், எனக்குத் தெரியாத குழாயா என்கிற திமிரும் இருந்தது.

ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற நிறத்தைப் போட்டு நாத்தனாரின் குழாயைப் பார்த்தேன். முகாமில் அது தேவையில்லை, ஐந்து நிமிடக் கணக்கில் வராது. இருந்தாலும் போட்டேன். கட்டிக்கு முன்னால் ரத்தம் ஒரே சிவப்பாக ஒழுங்காக ஓடியது. நிழலுக்குள் ஒன்றும் இல்லை. நிழலைத் தாண்டி வெளியே வந்த ரத்தம் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கலங்கிக் கொப்பளித்துக்கொண்டு வந்தது. குழாயை விரலால் பாதி அழுத்திக்கொண்டு தண்ணீர் விட்டால் எப்படிப் பீய்ச்சும், அப்படி.

நாத்தனார் அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அச்சடித்து வந்த தாளைக் கையில் எடுத்து, மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி பச்சை டிக்கை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னிக்காவது பேனா ஒழுங்கா நிக்குது. போன வாரம் ஒரு நாள் கையெழுத்தே வரல. பேனா நழுவி விழுந்துடுச்சு. ஒரு அஞ்சு நிமிஷம். அப்புறம் தானா சரியாப் போச்சு."

"எந்தக் கை?"

"எந்தக் கையால எழுதுவேன்? வலது கைதான். கைய மடிச்சு வெச்சுத் தூங்கியிருப்பேன்."

இடது பக்கக் குழாய் மூளையின் இடது பாதிக்குப் போகிறது. மூளையின் இடது பாதிதான் வலது கையை ஆட்டுகிறது. அந்த ஐந்து நிமிடம் என்ன என்று எனக்குத் தெரியும். அது முன்கூட்டியே வந்து கதவைத் தட்டிவிட்டுப் போன பக்கவாதம். அடுத்த தடவை வருவது ஐந்து நிமிடத்தில் திரும்பிப் போகாமலும் இருக்கலாம். ஒருவேளை அவர் காரில் உட்கார்ந்திருக்கும்போது வரலாம், பக்கத்தில் ஸ்டீரிங்கைப் பிடிக்கவே தெரியாத யாரோ ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது.

"அண்ணி, இடது பக்கம் எனக்குத் திருப்தியா இல்ல. மேல இன்னொரு ஸ்கேன் இருக்கு, ஊசில மருந்து போட்டு எடுப்பாங்க. இப்பவே போயிடலாம், நான் டாக்டர்கிட்ட சொல்றேன்."

"பச்சை டிக் போட்டிருக்கே."

"போட்டிருக்கு. ஆனா…"

"மெஷின் சரிங்குது, நீ சரியில்லங்குற. உனக்கு நான் என்னிக்குத்தான் சரியா இருந்திருக்கேன்?" தாளைக் கைப்பைக்குள் வைக்கத் தொடங்கினார். "மேல போனா அவன் ஒண்ணு எழுதுவான், அதுக்கு மேல போனா இன்னொருத்தன் ஒண்ணு எழுதுவான். என் லைசென்ஸை நிறுத்தி வெச்சுடுவாங்க. நீ வந்து ஸ்கூலைப் பாத்துக்குவியா? உனக்குக் கோட்டுக்குள்ள வண்டிய நிறுத்தவே வராது."

அவரைக் குறை சொல்ல முடியாது. இருபத்தாறு வருடமாக அவர் செய்கிற எல்லாவற்றிலும் நான் ஒரு நொட்டை சொல்லியிருக்கிறேன். அவரும் ஒன்றும் சும்மா இருந்ததில்லை. பயிற்சி காரில் அவர் கால் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கும். எங்கள் வீட்டு விஷயத்திலும் அது இருப்பதாகவே நினைத்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருப்பார். இப்போது யந்திரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்றால் அவர் யார் பக்கம் சாய்வார் என்பதில் சந்தேகமே இல்லை. டாக்டர் அம்மா அறுவை அரங்கில் இருந்தார், வர ஒரு மணி நேரம் ஆகும். என் கணவருக்குப் போன் செய்தால், "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். கைப்பையின் ஜிப்பை அவர் பாதி மூடிவிட்டார்.

"அண்ணி, அந்த மெஷினுக்குக் கோடு போடக் கத்துக்குடுத்தது நான்."

"அதுக்கென்ன இப்போ? பெருமையா?"

"எங்கெல்லாம் எனக்குக் கண்ணுக்குத் தெரியலையோ, அங்கெல்லாம் தெரிஞ்ச மாதிரி போட்டுட்டேன். அதைப் பாத்து அதுவும் அதையே பண்ணுது. இதோ, இந்தக் கறுப்புக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமலே பச்சை போட்டிருக்கு. தப்பு அதுமேல இல்ல. என்மேல."

சொல்லி முடித்தபோது எனக்கு வந்தது அழுகையா அவமானமா என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரமில்லை. நாத்தனார் ஜிப்பில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தார். எதிரே வருகிற வண்டி எந்தப் பக்கம் ஒடிக்கப் போகிறது என்று கணக்குப் போடுகிற பார்வை.

"நீ தப்பு பண்ணிட்டேன்னு சொல்றியா?"

"ஆமா."

"உன் வாயால?"

"ஆமாண்ணி."

"என் காரைக் கொண்டுபோய் கேட்ல இடிச்சுட்டு, பிரேக் பிடிக்கலன்னு சொன்னவ நீ. பத்தொம்பது வருஷமாச்சு. டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கறவ வண்டியில பிரேக் இல்லன்னு சொந்தக்காரங்க அத்தனை பேரும் சிரிச்சாங்க."

"பிரேக் பிடிச்சுது அண்ணி. நான்தான் ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டேன்."

வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். நாத்தனார் கைப்பையைத் திறந்து தாளை வெளியே எடுத்தார். பச்சை டிக்கை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அதை என் மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"எந்த மாடின்ன?"

மாடியில் எடுத்த ஸ்கேனில் நிழல் என்று ஒன்றும் கிடையாது. குழாய் முக்கால் பாகத்துக்கு மேல் அடைத்திருந்தது. அன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்து, ஐந்தாம் நாள் கழுத்தைத் திறந்து சுத்தம் செய்தார்கள். அறுவைக்கு முன்னால் கையெழுத்துப் போடும்போது, "பாத்தியா, பேனா நிக்குது" என்று எனக்குக் காட்டினார்.  

ஸ்கேன் முடிவு வந்த அன்றே கீழ்த்தளத்துக்குப் போனேன். டாக்டர் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன், ஒரே தடவையில் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று. துணி வெளுக்கிற யந்திரங்களின் சத்தத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. தப்பை ஒப்புக்கொள்வதே கஷ்டம், அதை உரக்க வேறு ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் இந்த மென்பொருள் இன்னும் ஆறு ஆஸ்பத்திரிகளுக்குப் போவதாக இருந்தது. சராசரிக்கு அது ஐந்து வருட உழைப்பு. அவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் மூன்று பேனாவையும் பையிலிருந்து எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

"எத்தனை படம் மேடம்?"

"தெரியல சார்." அந்த வார்த்தை எனக்கே புதிதாகக் கேட்டது.

அவர் நிழல் விழுந்த படங்களாக நாற்பதைப் பொறுக்கி எடுத்து, யந்திரத்தைக் கோடு போடச் சொன்னார். முப்பத்தேழில் அந்தக் கடைசித் தூக்கல் இருந்தது. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "உங்க கையெழுத்து" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அசந்துபோய்ச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்கங்க ஒரு தப்பு இருந்தாலும் சராசரியில கரைஞ்சிடும்னு நெனச்சேன். ஒரே ஆள் ஒரே மாதிரி தப்பு பண்ணா கரையாது" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொத்தானைப் பூட்டி வெச்சது நான்தான். பாதிக் கோட்டோட விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவீங்கன்னு பயம்."

டாக்டர் அம்மா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "என்னை மாதிரி ஒதுக்கி வெச்சிருக்கலாமே?"

"எனக்குத் தெரியாத குழாயான்னு ஒரு திமிர், டாக்டர்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முகாம் அன்றோடு நின்றது. அதுவரை பச்சை வாங்கிப் போனவர்களில் நிழல் விழுந்த படம் உள்ளவர்கள் நாற்பத்தொரு பேர். அத்தனை பேருக்கும் நானே போன் செய்தேன். சிலர் திட்டினார்கள். ஒருவர், பச்சை டிக்கைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகவும் அதைக் கழற்ற முடியாது என்றும் சொன்னார். நாற்பதாவது ஆளுக்குப் பேசும்போது என் குரல் கரகரத்துவிட்டது, அவர்தான் எனக்குச் சுடுதண்ணீர் குடிக்கச் சொன்னார். திரும்ப வந்தவர்களில் மூன்று பேருக்கு அடைப்பு இருந்தது. மூன்று பேரும் தங்கள் காலில் நடந்து வந்தார்கள் என்பதை அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

வேலை போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. ஆயிரத்து இருநூற்று அறுபது படத்தையும் முதலிலிருந்து பார்க்கச் சொன்னார்கள், நான் முடிப்பதை டாக்டர் அம்மா சரிபார்ப்பார். சராசரி, மென்பொருளில் புதிதாக ஒரு விசை வைத்துக் கொடுத்தார். அதை அழுத்தினால் கோடு அந்த இடத்தில் நின்றுவிடும், அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் விழும். அதற்கு 'தெரியவில்லை' என்று பெயர். முதல் நாள் அதன் பக்கம் விரலே போகவில்லை. ஒரு படத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து, நிழலுக்குள் ஏதாவது ஒரு கீற்றுத் தெரிகிறதா என்று தேடினேன். இத்தனை வருடப் பழக்கம் அவ்வளவு லேசில் விடாது. இரண்டாம் வாரத்தில் விரல் பழகிவிட்டது. மூன்றாம் வாரத்தில், சொன்னால் சிரிப்பீர்கள், அதை அழுத்தும்போது தோளில் இருந்து ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தது. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை அழுத்தியிருக்கிறேன் என்று சராசரி எண்ணிச் சொன்னார்.

அறுவை முடிந்து நான்காம் மாதம் நாத்தனார் மறுபரிசோதனைக்கு வந்தார். கழுத்தில் தையல் தழும்பு மெல்லிய இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தது. மூன்று மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் வகுப்பறையில் கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் காரைவிடக் கரும்பலகைக்குத்தான் அதிகம் பயந்தார்களாம். போன வாரம்தான் உரிமம் கைக்கு வந்திருந்தது. உட்கார்ந்த உடனே அதை எடுத்து என் விசைப்பலகை மேல் வைத்துவிட்டு, "பாத்துட்டுக் குடு" என்றார். புகைப்படத்தில் முறைத்துக்கொண்டிருந்தார்.

குழாய் நன்றாகத் திறந்திருந்தது. நிறம் போட்டதும் ரத்தம் ஒரே சிவப்பாக, அவசரமே இல்லாமல் ஓடியது. நான் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் படத்தை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சராசரி கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். புதுப் பதிப்பு அன்று காலைதான் எங்கள் அறைக்கு வந்திருந்தது, கையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அவர் கையால் அழுத்தாமல் என்னை அழுத்தச் சொன்னார்.

"என்னோட பழைய படத்துல போடு" என்றார் நாத்தனார். "அது பாஸாகுதான்னு பாப்போம்."

பழைய படத்தைத் திறந்தேன். அந்த வெள்ளைக் கட்டி, அதற்குக் கீழே அந்தக் கறுப்பு.   பொத்தானை அழுத்தினேன்.

மஞ்சள் கோடு இடது ஓரத்தில் கிளம்பியது. சுவரோடு சேர்ந்து லேசாக நடுங்கிக்கொண்டு வந்தது. கட்டியின் கீழே, கறுப்பு தொடங்குகிற இடத்துக்கு வந்ததும் நின்றது. திரையில் வேறு எதுவும் நடக்கவில்லை. பிறகு கறுப்பின் மேல் சாம்பல் கட்டம் விழுந்தது. அதற்கு அந்தப் பக்கம், சுவர் மறுபடி தெரிகிற இடத்தில், கோடு புதிதாகத் தொடங்கி நடுங்கிக்கொண்டே போய் முடிந்தது. பச்சையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. 'இவ்விடம் தெரியவில்லை, மருத்துவர் பார்க்கவும்' என்று ஒரு வரி மட்டும் கீழே வந்தது.

சராசரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். மறைக்கவில்லை.

"நிறுத்துது பாரு," என்றார் நாத்தனார். "முன்னாடி ஒண்ணும் தெரியலன்னா நிறுத்துடா நிறுத்துடான்னு தொண்டை கிழியக் கத்தினாலும் என் பசங்கள்ல பாதிப் பேரு நிறுத்த மாட்டானுங்க."

படுக்கையிலிருந்து எம்பி, கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கையாலேயே திரையைத் தொட்டார். சாம்பல் கட்டத்தின் மேல் விரலை வைத்து அதன் அகலத்தை அளந்தார், ஒரு விரல் அளவுகூட இல்லை. கையை எடுத்தபோது ஜெல்லில் அவருடைய விரல் ரேகை அங்கேயே ஒட்டிக்கொண்டது. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மஞ்சள் கோடு தெரிந்தது. துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். அப்புறம் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ரேகை மெல்ல உலர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.